துண்டுக்குள் ஒரு முஷ்டி

சந்தையில் ஆட்டு விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் பேசுவார்கள்; எத்தனை விரலோ அதுதான் விலை. அன்று ஒரு வெள்ளாடு விடாமல் கத்தியது.

“ஏன்டி தொண்டையைக் கிழிக்கிறே?” என்றது வியாபாரியின் கையை மூடியிருந்த துண்டு.

“பஞ்சாயத்துல இலவச ஆடுன்னு என்னை இருளாயி பேருக்குக் கொடுத்தாங்க. புருஷன்காரன் விற்க வந்திருக்கான். நான் போனா அவ மறுபடி அடுத்தவன் காட்டுல கூலிதான்.”

“காகிதத்துல யார் பேரு இருந்தா என்ன? எனக்குள்ளே இதுவரைக்கும் ஒரு பொம்பளைக் கை நுழைஞ்சதில்லை.”

மூச்சிரைக்க ஓடிவந்த இருளாயி, துண்டுக்குள் இருந்த புருஷன் கையை வெளியே இழுத்துத் தள்ளிவிட்டுத் தன் கையை உள்ளே விட்டாள்.

“விரலைக் கொடு தாயி,” என்றான் வியாபாரி.

அவள் ஒரு விரலும் நீட்டவில்லை. முஷ்டியை இறுக்கிக்கொண்டே நின்றாள்.

துண்டு மெல்ல ஆட்டிடம் சொன்னது: “பேரம் படியலை. வீட்டுக்குப் போ.”