மூன்றாவது பட்டன்

அல்சூரில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன மைக்கேல்ராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எங்க கொள்ளுத்தாத்தா. அந்தக் காலத்து பாசஞ்சர் ஸ்டீமர்ல ஆபீசர். லண்டன் வரைக்கும் போய் வந்தவர்!" என்று சுவரிலிருந்த போட்டோவைக் காட்டினார் மாப்பிள்ளையின் அப்பா லாயிட்.

மைக்கேல்ராஜ் எழுந்து போய்ப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். காப்பி ஆறிப்போனது.

தெருவுக்கு வந்ததும் மனைவி லீனா பிடித்துக்கொண்டாள்.

"நல்ல குடும்பம்தானே? எதுக்குங்க அப்படித் தவிச்சீங்க?"

"அந்த யூனிபார்ம் கோட்டுல மூணாவது பட்டன் இல்ல. ஆபீசராவது ஒண்ணாவது! போட்டோ ஸ்டுடியோக்காரன் மாட்டிவிட்ட கோட்டு அது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம ஹால் போட்டோவுல இருக்கிற கேப்டன் தாத்தாவும் அதே கோட்டுலதான் நிக்கிறார். நாளைக்கு அவங்க வர்றதுக்குள்ள அவரைக் கழட்டணும், ஆட்டோவைக் கூப்பிடு!"