எலி கடித்த விமானம்

"ஓடுமோ?" என்று ஆவலோடு கேட்டார் வெங்கிடேஸ்வரன்.

உலகப் போர்க் காலத்தில் விமானிகளைப் பழக்கிய பெட்டி விமானம் அது. தரையை விட்டு எழும்பாது. உள்ளே உட்கார்ந்து பிடியை அசைத்தால் நிஜ விமானம் போலவே சாயும், நிமிரும். மூணாறு எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனதை, ஃபிட்டர் ஆசீர்வாதம் பழுது பார்த்து ஓட வைத்திருந்தார்.

"ஜம்முனு ஓடும் சார்!" அவர் மகள் தமிழ்ப்ரியா முந்திக்கொண்டாள். "நேத்துகூட நான் ஓட்டினேன்."

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். நாளை மறுநாள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இன்று விற்காவிட்டால், அப்பாவின் விமானத்தை உடைத்துப் பழைய இரும்பாக ஆக்ரிக்கடையில்தான் போட வேண்டும்.

வெங்கிடேஸ்வரன் கல்பாத்திக்காரர், விமானப்படையில் இருந்தவர். பாலக்காட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அதை வாங்கிப் போக லாரியோடு வந்திருந்தார். வலது பக்கமாக அடியில் குனிந்து பார்த்தவர் துள்ளிக் குதித்தார்.

"பாத்தேளா! இதைக் கண்டுபிடிச்சவன் ஆர்கன் வாத்தியம் பண்ற குடும்பமாக்கும். ஆர்மோனியத்துல இருக்கற அதே துருத்திதான் இங்கேயும்!"

ஏறி உட்கார்ந்தார். மோட்டார் உறுமியது. விமானம் மூக்கைத் தூக்கியது. வலது பக்கம் சாய்ந்தது. "ஆஹா!" என்று கத்தினார். இடது பக்கம் மட்டும் அசையவே இல்லை.

இறங்கிப் பார்த்தார். "இடது துருத்தி எங்கே?"

"எலி கடிச்சிருச்சுய்யா," என்றார் ஆசீர்வாதம், தரையைப் பார்த்தபடி.

"முழுசாவா?"

தமிழ்ப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவை ஓரமாக இழுத்தாள். "விக்க மனசில்லன்னா சொல்லிருக்கலாம்ல? அதுக்காகக் கழட்டி ஒளிச்சு வைப்பாகளா? அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்த மனுசன இப்பிடி ஏமாத்துறீகளேப்பா!"



"அந்தத் துருத்திக்கு நான் எங்கே போவேன்?" வெங்கிடேஸ்வரன் முகம் வாடி லாரியை நோக்கி நடந்தார்.

அப்போது மேட்டு மாதா கோயிலில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு மணி அடித்தது. தொடர்ந்து மாதா பாட்டு, ஆர்மோனியத்தோடு.

"ஆர்மோனியமா?" தமிழ்ப்ரியா திகைத்தாள். "அது துருத்தி கிழிஞ்சு ஒரு மாசமாச்சே! திருவிழாவுக்கு எப்பிடி வாசிப்பேன்னு கத்தரீனாக்கா நேத்து சாயங்காலம் இங்க வந்து அழுதாளே..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, அப்பாவைப் பார்த்தாள்.

வெங்கிடேஸ்வரன் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டபடி, பாட்டு முடியும்வரை நின்றார். பிறகு லாரியின் பின்கதவைத் திறந்தார்.

"ஏத்துங்கோ. குழந்தைகள் வலது பக்கமாவே சாயட்டும்."

ஆசீர்வாதத்தின் தோளில் தட்டினார்.

"உங்காத்து எலி சுருதி சுத்தமா வாசிக்கறது, கேட்டேளா!"