பழைய பூட்டு

“இந்தக் கதவுப் பூட்டைக் கழட்டிட்டு, பழசையே மாட்டிக் குடுங்கண்ணே.”

துணியில் சுற்றி வைத்திருந்த பூட்டை நீட்டினாள் வீட்டுக்காரம்மா. பூட்டுக்காரர் அலுத்துக்கொண்டார்.

“ஒன்பது வருஷம் முன்னாடி, ‘இனி அந்த மனுஷன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது’ன்னு மாத்தச் சொன்னதே நீங்கதானேம்மா? விவாகரத்தும் ஆயிடுச்சு. இப்ப சமாதானமா?”

“அதெல்லாம் இல்ல.”

“சரி, இதோட சாவி எங்கே?”

“அவர்கிட்டதான். தினம் சாயங்காலம் வந்து போட்டுத் திருகுறார். திறக்கலைன்னதும், வீடு மாறி வந்துட்டோம்னு தெருத்தெருவா அலையுறார்.”

“ஏம்மா அப்படி?”

“எங்களுக்கு விவாகரத்தானதே அவருக்கு மறந்துபோச்சுண்ணே. இனி ஞாபகம் வராதுன்னு டாக்டரும் கைய விரிச்சுட்டார்.”

பூட்டுக்காரர் திருப்புளியை எடுத்தார்.

“சீக்கிரம் மாட்டுங்க, வர்ற நேரமாச்சு” என்று சுவரில் சாய்ந்தாள். “எனக்குத்தான் எதுவும் மறந்து தொலைய மாட்டேங்குது.”