அன்பினாலும் பாசத்தினாலும்

மூன்றாவது பக்கத்தில் அவள் நின்றுவிட்டாள்.

அதுவரை மளமளவென்று படித்துக்கொண்டு வந்தவள்தான். இப்போது ஒரே வரியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எதிரே நின்றவனுக்கு வியர்த்தது.

வீட்டை வாங்குகிறவன் அவன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, பத்திர எழுத்தரின் தகரக் கூரையின் கீழ் காலையிலிருந்து நிற்கிறான். ஆனியில் இதுதான் கடைசி முகூர்த்த நாள். ஆடியில் பத்திரம் பதிய அவன் மனைவி சம்மதிக்க மாட்டாள். ஆடி முடிவதற்குள் வங்கி கொடுத்த கெடு முடிந்துவிடும். வாடகை வீட்டுக்காரரோ “எப்ப சார் காலி பண்றீங்க?” என்று கேட்பதை விட்டுவிட்டு, தண்ணீர் மோட்டாரை நிறுத்திவைக்கத் தொடங்கியிருந்தார்.

விற்கிறவன் தனசேகர். வீடு அவனுடைய அம்மா பெயரில் இருந்தது. அம்மா போன பிறகு, தான் ஒருவன்தான் வாரிசு என்று சான்றிதழ் வாங்கிவிட்டிருந்தான். முன்பணம் கைமாறி எல்லாம் கூடிவந்த நேரத்தில் வங்கியின் வக்கீல் வீட்டைப் பார்க்க வந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் மதில் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“ஏன் தம்பி, இந்திராணி வந்து கையெழுத்துப் போட்டுட்டாளா?”

அன்றைக்கு நின்ற வேலைதான்.

பழைய சான்றிதழை ரத்து செய்ய அலைந்ததில் மழைக்காலம் போனது. புதியதை வாங்க அலைந்ததில் கோடை போனது. இனி வேண்டியது தங்கை இந்திராணியின் விடுதலைப் பத்திரம் மட்டும். தன் பாகம் வேண்டாம் என்று அவள் எழுதிக்கொடுக்க வேண்டும்.

“வேற சாதிக்காரனோட போனவ சார். நாங்க தலைமுழுகியாச்சு. நான் போய் அவ வாசல்ல நிக்க முடியாது. வேணும்னா நீங்க போய்ப் பாருங்க” என்றான் தனசேகர்.

அவன் போனான். வீடு வேண்டியவன் அவன்தானே.

பல்லடத்தைத் தாண்டி ஒரு லைன் வீடு. பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்த இந்திராணி, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அவன் கடகடவென்று ஒப்பித்தான். உங்க அம்மா இறந்தப்புறம் வீடு உங்க ரெண்டு பேருக்கும்தான் வருது, உங்க கையெழுத்து இல்லாம எதுவும் நடக்காது…

சொம்புத் தண்ணீர் காலில் விழாமல் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“எப்போ?” என்றாள்.

“போன வருஷம். தை மாசம்.”

“பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அது அவனுக்குத் தெரியவில்லை.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பிப் போய்விடலாம் என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. காத்திருந்தான்.

இருட்டத் தொடங்கியபோது கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தாள்.

“பங்கெல்லாம் வேண்டாம் சார். நாள் மட்டும் சொல்லுங்க. வந்து போட்டுட்டுப் போறேன்.”

திரும்பும்போது பஸ்ஸிலிருந்து மனைவிக்குப் போன் செய்தான். “முடிஞ்சிடுச்சு” என்றான். வேறு எதையும் அவளிடம் சொல்லவில்லை.

முடியவில்லை. இதோ, மூன்றாவது பக்கத்தில் நிற்கிறது.

இந்திராணி தலையை நிமிர்த்தினாள்.

“இந்த வரியை எடுத்துடுங்க.”

பத்திர எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். “நமக்குள் உள்ள அன்பினாலும் பாசத்தினாலும் எனது பாகத்தை என் சகோதரருக்கு விட்டுக்கொடுத்து…” படித்துவிட்டுச் சிரித்தார். “இது எல்லாப் பத்திரத்துலயும் போடுறதும்மா. வழக்கமான வார்த்தை.”

“இருக்கட்டும். இது இல்லாம அடிச்சுக் கொடுங்க. எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போடுறேன்.”

புதிதாக முத்திரைத்தாள் வாங்க வேண்டும். மறுபடி அடிக்க வேண்டும். இன்றைய டோக்கன் போய்விடும்.

தனசேகர் வேப்பமரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். காலையிலிருந்து தங்கையின் பக்கம் அவன் திரும்பவேயில்லை. இப்போதும் திரும்பாமலே சொன்னான்.

“நீங்களே பேசி முடிங்க சார்.”

வாங்குகிறவன் அவளுக்கு முன்னால் குனிந்தான்.

“வெறும் எழுத்துதாம்மா. இதையெல்லாம் யாரு படிக்கப் போறாங்க?”

அவள் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அழவும் இல்லை.

“எங்கம்மா செத்ததை எனக்கு வந்து சொன்னது நீங்கதான் சார். வேற யாரும் சொல்லல. அதனால உங்ககிட்டயே கேக்குறேன். போடட்டுமா?”

உள்ளேயிருந்து டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.



மறுபடியும் கூப்பிட்டார்கள்.

அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

மூடியைக் கழற்றினான்.

அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.