கையிலிருந்த பிளக்

எண்பத்தேழில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்தபோது சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பிரசவ வலியிலிருந்த பழனியம்மாளைப் படகில்தான் அணையின் அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய மோட்டாரோ பிடிக்கவில்லை.

"இன்னா செல்லமுத்து, காலைலேர்ந்து தேச்சிக்கினே கீற?" என்று படகோட்டியிடம் கேட்டான் அவள் புருஷன் கரியன்.

"பிளக்குல பொறி வந்தாத்தான் மோட்டார் ஓடும்ண்ணே. வரவே மாட்டேங்குது."

தேய்த்த பிளக்கை மாட்ட மறந்து, அலுப்பில் கயிற்றை இழுத்தான் செல்லமுத்து. மோட்டார் பிடித்துக்கொண்டது.

நடுத்தண்ணீரில் கரியன் கேட்டான். "கையில இன்னாடா அது?"

"பிளக்குண்ணே."

"அப்ப மோட்டார்ல?"

"ஒண்ணும் இல்ல. பேசாதீங்க, நின்னுடப் போவுது."

அக்கரையில் காத்திருந்த ஜீப்பில் பழனியம்மாளை ஏற்றினார்கள். பிறகு செல்லமுத்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான், ஜில்லென்றிருந்தது. கையை விரித்தான். பிளக் பட்ட இடத்தில் உள்ளங்கை கொப்பளித்திருந்தது.