கேட் பாஸ்

“வீட்டுக்காரர் பேரு?” என்று கேட்டார் பென்ஷன் ஆபீஸ் கிளார்க்.

“அருணாச்சலம்” என்றாள் ரோசம்மாள்.

அவர் காகிதங்களைப் புரட்டினார். தேர்வாய் கண்டிகை கம்பெனியில் தீ விபத்து. முகம் தெரியவில்லை. சட்டைப் பையில் கிடந்த கேட் பாஸை வைத்துத்தான் அடையாளம் கண்டிருந்தார்கள்.

“நீ வேலைக்குப் போறியாம்மா?”

“கும்மிடிப்பூண்டில பேக்கிங் வேலை சார். வேலைக்குப் போனா பென்ஷன் தர மாட்டாங்களா?”

“தாராளமா போ. மறுகல்யாணம் பண்ணா மட்டும்தான் நிறுத்துவாங்க. பண்ணிக்கலைன்னு வருஷா வருஷம் எழுதிக் குடுக்கணும்.”

“பண்ணிக்க மாட்டேன் சார்.”

அவள் அழாததை அவர் தைரியம் என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே பைக்கில் ஒருவன் காத்திருந்தான்.

“இன்னா சொன்னாங்க?”

“வரும்னாங்க.”

அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். தீப்பிடித்த அன்று ஜுரத்தில் படுத்திருந்தவன் இவன்தான். லீவு போட்டால் வேலை போய்விடும் என்று, இவனுடைய கேட் பாஸோடு ஷிப்டுக்குப் போனவன் இவன் தம்பி லோகு. வாயைத் திறந்தால் பாஸ் கொடுத்தவனுக்குத்தான் ஜெயில் என்றார் கான்ட்ராக்டர். யாரும் திறக்கவில்லை.

இப்போது லோகுவின் ஆதாரை வைத்து, அவள் கம்பெனியிலேயே இவனுக்கும் வேலை. இன்றுதான் முதல் நாள்.

கம்பெனி கேட்டில் இறங்கி அவள் நடந்தாள். செக்யூரிட்டி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டிபன் பாக்ஸ மறந்துட்டுப் போறீங்களே, அண்ணி” என்றான் அருணாச்சலம்.