டோரீன் ஆன்ட்டியின் திறந்த வாய்

இதைப் படித்தால் சிரிப்பு நிச்சயம். கொஞ்சம் பொறுங்கள், முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

அண்ணன் கிரேக் கம்ப்யூட்டரே கதியென்று கிடந்தான். மம்மியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பழைய போட்டோக்களை டிவியில் ஓட்டப்போகிறானாம். எல்லாம் டாடியின் முதல் டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை. "ஃப்ளாஷ் போட்டா பேட்டரி தின்னுரும்" என்று டாடி அதை அணைத்தே வைத்திருந்ததால் பாதிப் படங்கள் கரிச்சட்டி.

கிரேக் வெளிச்சத்தை ஏற்ற ஏற்ற, இருட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். யார்? தொட்டியில் குளிக்கும் கிரேக். கடக்வாஸ்லா அணைக்கட்டில் சோளக்கதிர் கடிக்கும் கிரேக்.

"என் புள்ளைக்குத் தங்கக் கை!" மம்மிக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் எங்க மம்மி?"

"நீ பொறந்த வருஷந்தாண்டா அந்தக் கேமரா செத்துச்சு."

நல்ல நேரம் பார்த்துத்தான் செத்திருக்கிறது.

கடைசியில் ஒரே படத்தோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டினான். கேக் வெட்ட விளக்கை அணைத்த நேரம். மெழுகுவத்திச் சுடர் தவிர எல்லாம் கறுப்பு. எதிர் பில்டிங் டோரீன் ஆன்ட்டியின் திறந்த வாய் மட்டும் மெல்ல வெளியே வந்திருந்தது.

இன்னொரு கிரேக் பர்த்டே! பொறுக்குமா?

எனக்குக் குரல்தான் ஆயுதம்; யார் குரலிலும் பேசிக்காட்டுவேன். ஃபாதரின் பிரசங்கமா, ஆட்டோக்காரரின் மராத்திச் சண்டையா, எது வேண்டும்? டோரீன் ஆன்ட்டியோ, "ஸ்டோரேஜ் ஃபுல்னு காட்டுது, பாருடா மெர்வின்" என்று போனை என்னிடமே கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்.

மொட்டை மாடிக்கு ஓடி, ஆன்ட்டியின் போனிலிருந்தே கிரேக்கை அழைத்தேன்.

"அரே கிரேக் பேட்டா! அந்தக் கேக் போட்டோவுல என் வாய் குகை மாதிரி இருக்காமே? டிலீட் பண்ணு!"

"ஆன்ட்டி, அது நீங்க ஹேப்பி பர்த்டே பாடற வாய்..."

"பாட்டாவது கூட்டாவது! எனக்கு மானம், இஜ்ஜத் இல்லியா? அது டிவியில வந்துச்சுன்னா நான் பார்ட்டிக்கே வரமாட்டேன். டிலீட்!"

சிரிப்பை அடக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். இதோ, நீங்கள் சிரிக்கவேண்டிய இடம் வந்தேவிட்டது.

"உங்களை வேணா வெட்டிடறேன் ஆன்ட்டி. படத்தை மட்டும் அழிக்கச் சொல்லாதீங்க. கேக்குக்குப் பின்னால மம்மி மடியில ஒரு துணி மூட்டை தெரியுது. நம்ம மெர்வின்தான். முகம் இன்னும் சரியா வரல, அதான் யார்கிட்டயும் சொல்லல. அந்தக் கேமராவுல அவன் விழுந்தது இந்த ஒரே படத்துலதான். 'நான் எங்க?'ன்னு அவன் கேக்கறப்ப மூஞ்சியப் பாக்க முடியல ஆன்ட்டி. பார்ட்டி அன்னைக்கு இதைப் போட்டுத்தான் முடிக்கணும்."

எனக்கு ஆன்ட்டியின் குரல் மறந்துபோனது.

"எனக்கு... மூக்கு தெரியுதாடா?"

மறுமுனையில் மவுஸ் சத்தம் நின்றது.

"டேய்... மெர்வின்?"